அப்புறம் என்ன ஆச்சு?

அன்புள்ள ஐயா,

ஆத்தங்குடியில் எங்கள் வீட்டுக்காரர் டைல்ஸ் பட்டறை வைத்திருக்கிறார். வெளிநாட்டு ஆர்டர்களுக்கு மெயில் எழுதுவது என் பொறுப்பு. வயது 52, தமிழ் மீடியம். போன மாதம் பிரான்ஸ்காரர் ஒருவருக்கு, ‘சரக்கு நேற்று துறைமுகத்துக்கு வந்திருந்தது’ என்பதை ‘ஹேட் ரீச்டு எஸ்டர்டே’ என்று எழுதினேன். உடனே பதறிப்போய்க் கேட்கிறார், ‘அப்புறம் என்ன ஆச்சு?’ என் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். பன்னிரண்டு டென்ஸும் மனப்பாடம், எழுதும்போது ஒன்றும் கைகொடுப்பதில்லை. ஸ்பெல்லிங்கில் எங்கே ஒற்றை எழுத்து, எங்கே இரட்டை என்பதும் பிடிபடவில்லை. இந்த வயதில் வருமா? பெயர் போட வேண்டாம், ஊரில் கூப்பிடுவதுபோல் ஆச்சி என்றே எழுதுங்கள்.

———

அன்புள்ள ஆச்சி,

மகள் சிரிக்கட்டும். நீங்கள் செய்த தப்பு தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் செய்கிற தப்பு.

‘நேற்று மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள்’ என்கிறோம். வந்தார்கள், இருந்தார்கள், போய்விட்டார்கள். தமிழில் அந்த ‘இருந்தார்கள்’ தனியாக நிற்கும், வேறு எதையும் கேட்காது. ஆங்கில ‘ஹேட்’ அப்படி நிற்காது. நடந்து முடிந்த ஒன்றைச் சொல்லும்போது அதற்கும் முன்னால் நடந்தது எது என்று காட்டத்தான் அது வருகிறது. ‘லாரி போவதற்குள் கப்பல் கிளம்பியிருந்தது’ என்றால் ஹேட் சரி. பின்னால் நடந்ததைச் சொல்லாமல் ஹேட் மட்டும் போட்டதால், அந்த மனிதர் மீதிக் கதைக்குக் காத்திருந்திருக்கிறார். ‘ரீச்டு எஸ்டர்டே’ என்று எழுதியிருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

‘வந்திருக்கிறது’ இன்னொரு வழுக்கல். ‘சரக்கு வந்திருக்கிறது’ என்பதற்கு ‘ஹேஸ் ரீச்டு’ அச்சாகப் பொருந்தும். வந்தது, இப்போதும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் நாம் ‘நேற்றே வந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை’ என்றும் சொல்வோம். ஆங்கிலத்தில் ஹேஸ் வந்த இடத்துக்கு எஸ்டர்டே வரக்கூடாது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு கடிதத்தில் நான் இரண்டையும் சேர்த்து வைத்து, மேலதிகாரி சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது என்று இப்போது தோன்றுகிறது.

‘இருபது வருஷமாகப் பட்டறை நடத்துகிறோம்’ என்று நாம் நிகழ்காலத்தில் சொல்வதை அவர்கள் ‘ஹேவ் பீன்’ போட்டு, ‘ஃபார்’ போட்டுத்தான் சொல்வார்கள். ‘சின்ஸ்’ தொடங்கிய காலத்துக்கு மட்டும். ‘ஐ ஆம் நோயிங்’ என்று எழுதக் கை போனால் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது’ என்போமா?

பன்னிரண்டு கட்டம் போட்ட அட்டவணையை நானும் பள்ளியில் ஒப்பித்தவன். அதைப் பரணில் போடுங்கள். உங்கள் மெயிலுக்கு நாலைந்து டென்ஸ் போதும்.

ஸ்பெல்லிங்குக்கு வருவோம். பள்ளியில் நன்னூல் படித்திருப்பீர்கள்: ‘தனிக்குறில்முன் ஒற்று உயிர்வரின் இரட்டும்’. கல்லோடு எறிந்தான் சேர்ந்தால் கல்லெறிந்தான், லகரம் இரட்டிக்கிறது. பாலில் இரட்டிக்காது, நெடிலாயிற்றே. ‘ஷிப்’ என்பதோடு ஈ-டி சேரும்போது பி இரட்டிப்பதும், ‘லோட்’ என்பதோடு சேரும்போது டி ஒற்றையாகவே நிற்பதும் கிட்டத்தட்ட இதே கணக்குதான். இன்னொன்று, ‘உக்குறள் மெய்விட்டோடும்’. வீடு, இல்லை சேர்ந்து வீடில்லை ஆகும்போது உகரம் ஓடிவிடுகிறது. ‘மேக்’ கடைசியில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும் ஈ, ஐ-என்-ஜி வந்ததும் அப்படியே ஓடும். ‘ஹோப்ஃபுல்’ போல மெய்யெழுத்து வந்தால் ஓடாது.

இந்தக் கணக்கு இரண்டு அசைச் சொற்களில் கொஞ்சம் தடுமாறும். ‘ஆஃபர்’ ஈ-டி சேர்ந்தாலும் ஒற்றை ஆர், ‘ரெஃபர்’ என்றால் இரட்டை. ஆஃபரில் அழுத்தம் முதல் அசையில், ரெஃபரில் கடைசி அசையில். அழுத்தம் கடைசியில் விழுந்தால்தான் இரட்டிக்கும். தமிழில் இப்படி அழுத்தத்தை வைத்து எழுத்து மாறுவதில்லை, அதனால் நம் காதுக்குப் பழக்கமில்லை. சொல்லை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.

விதிக்கு அடங்காதவையும் உண்டு. ‘நைஃப்’ முன்னால் இருக்கும் கே ஒரு காலத்தில் உச்சரிக்கப்பட்டது. சத்தம் போய்விட்டது, எழுத்து நின்றுவிட்டது. இதற்காக அவர்களைத் திட்ட வேண்டாம். நாமும் ‘ஐந்து’ என்று எழுதிவிட்டு அஞ்சு என்கிறோம். நம் பக்கத்தில் எழுதுவது பழம், வாயில் வருவது பளம்.

அடுத்த மெயிலை அனுப்புமுன் ஹேட் வருகிற இடத்தை மட்டும் ஒருமுறை பாருங்கள். அப்புறம், அந்தப் பிரான்ஸ்காரருக்கு ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று பதில் போட்டுவிட்டீர்கள்தானே?