மயில் தின்ற மீன்

அன்புள்ள அக்கா,

நாங்கள் மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் இருக்கிறோம். தைப்பூசக் கொடி ஏறியதிலிருந்து பத்து நாளும் வீட்டில் மரக்கறிதான். கணவர் காவடி எடுக்கிறார். நடுவில் ஒரு நாள் என் நான்கு வயது மகன் பக்கத்து வீட்டில் மீன் விந்தாய் (கடுகும் மஞ்சளும் போட்ட மீன்) சாப்பிட்டுவிட்டு வந்து நின்றான். உதடெல்லாம் மஞ்சள், சட்டையில் கடுகு. "மீன் தின்றாயா?" என்றேன். "பா முவா" என்று கிரியோலில் கையை விரித்தான், நான் இல்லையாம். "முருகனோட மயில்தான் தின்றது, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்." மாமியாருக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கணவருக்குக் கோபம். மறுநாள் கோயில் வரிசையில் அதே பிள்ளை, "அப்பா ராத்திரி ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்" என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். சிரிப்பதா, கண்டிப்பதா?

அன்புள்ள தங்கைக்கு,

விரதம் உங்கள் கணவருடையது, பிள்ளையுடையது அல்ல. அந்தக் கோபத்தை இத்தோடு விட்டுவிடச் சொல்லுங்கள்.

பொய்க்கு வருவோம். 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரண்டு ஆஸ்திரிய உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். ஒரு பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாத நேரத்தில் அம்மா அதை வேறு அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? மூன்று வயதினர் புதிய அலமாரியையே காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது அவனுக்கும் தெரியும் என்பது அவர்கள் கணக்கு. நான்கு வயதைத் தாண்டியவர்களில் பலர் பழைய அலமாரியைச் சொன்னார்கள். தனக்குத் தெரிந்தது அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம் என்று புரிந்த பிறகுதான் நம்பும்படி பொய் சொல்ல முடியும். உங்கள் மகனுக்கு அது பாதி புரிந்திருக்கிறது. அதனால்தான் மயிலைக் கூட்டி வந்தவன் உதட்டைத் துடைக்க மறந்தான். ஆறு வயதில் துடைத்துக்கொண்டு வருவான், பாருங்கள்.

எனக்கு உறுத்துவது உங்கள் கேள்விதான். உதட்டில் மஞ்சளைப் பார்த்த பிறகு "தின்றாயா?" என்று எதற்குக் கேட்க வேண்டும்? 1989-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு நடந்தது. பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று மூன்று வயதுக் குழந்தைகளிடம் சொல்லிவிட்டு ஆய்வாளர் வெளியே போனார். ஏறக்குறைய எல்லோருமே பார்த்தார்கள். திரும்பி வந்து "பார்த்தாயா?" என்று கேட்டபோது ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்கும் குறைவு. யசோதைக்கும் இதே கதைதான். மண் தின்றதைப் பற்றிக் கேட்டாள், கண்ணன் சாதித்தான். பிறகுதான் வாயைத் திற என்றாள். முதலிலேயே திறக்கச் சொல்லியிருக்கலாம்.

ஆகவே, விடை தெரிந்த கேள்வியைக் கேட்காதீர்கள். "மீன் சாப்பிட்டிருக்கிறாய், வாயைக் கழுவு. பூசம் முடியும் வரை அங்கே சாப்பிடக் கூப்பிட்டால் என்னிடம் சொல்லிவிட்டுப் போ" என்றால் போதும். பொய்க்கு அங்கே வேலையே இல்லை.

மாமியார் சிரித்தது தப்பில்லை. ஆனால் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அவனை நிறுத்தி அந்தக் கதையைத் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். கைதட்டு கிடைத்தால் மயில் நாளைக்குக் கோழியும் தின்னும்.

வேண்டுமானால் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள். அவனுக்குப் பத்து வயதாகும்போது படித்துக் காட்டினால், "நான் அப்படிச் சொல்லவே இல்லை" என்று அதற்கும் சாதிப்பான்.