நூலை மூடிய பிறகு எழுதுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: கல்லூரி ஒன்றில் வரலாறு கற்பிக்கிறேன். “நூலில் உள்ளதை அப்படியே எழுதாமல் உங்கள் சொற்களில் எழுதுங்கள்” என்று மாணவர்களிடம் சொன்னால், ஒவ்வொரு சொல்லுக்கும் வேறொரு சொல்லைத் தேடிப் போட்டுக் கொண்டுவருகிறார்கள். இதைக் கருத்துத் திருட்டு என்று தண்டிப்பதா? கற்றுத் தருவதென்றால் எப்படித் தொடங்குவது?
– உதவிப் பேராசிரியை, பாளையங்கோட்டை

பதில்: கற்றுத் தாருங்கள் அம்மா. பாடநூல் விடையைச் சொல் பிசகாமல் எழுதியே பள்ளியில் மதிப்பெண் பெற்றுவந்த பிள்ளைகளுக்கு, அதே பழக்கம் கல்லூரியில் குற்றமாகிவிடுகிறது. இடையில் யாரும் அவர்களுக்கு வேறு வழியைப் பயிற்றுவிக்கவில்லை. மூலத்தின் வாக்கிய அமைப்பை வைத்துக்கொண்டு சில சொற்களை மட்டும் மாற்றி எழுதும் இந்தப் பழக்கத்தை 1990-களில் ஆராய்ந்த அமெரிக்கப் பேராசிரியர் ரெபெக்கா மூர் ஹோவர்ட், புதிய துறையின் நூலைப் புரிந்துகொள்ளத் தடுமாறும் நிலையில்தான் இது பெரும்பாலும் தோன்றுகிறது, ஏமாற்றும் எண்ணத்தால் அன்று என்று வாதிட்டார். அவர் சொன்னது சரியென்றே நான் கருதுகிறேன். எழுத்தில் தெரியும் குறையின் வேர் வாசிப்பில் இருக்கிறது.

எடுத்துக்காட்டுக்காக நானே ஒரு வாக்கியம் எழுதித் தருகிறேன்: ‘தாமிரபரணியின் குறுக்கே கட்டப்பட்ட எட்டு அணைக்கட்டுகள் நீரைத் தேக்கிவைப்பதற்காக அல்லாமல் கால்வாய்களுக்குத் திருப்புவதற்காக எழுப்பப்பட்டவை, ஆகவே கார், பிசானம் ஆகிய இரு போகங்களும் ஆற்றின் நீரோட்டத்தையே நம்பியிருந்தன.’ இதைச் சொல்லுக்குச் சொல் மாற்றும் மாணவர் இப்படி எழுதக்கூடும்: ‘பொருநையின் இடையே அமைக்கப்பட்ட எட்டு நீர்த்தேக்கங்கள் தண்ணீரைச் சேமிப்பதற்காக அல்லாமல் வாய்க்கால்களுக்கு மாற்றுவதற்காக நிறுவப்பட்டவை, எனவே குறுவை, சம்பா ஆகிய இரு பருவங்களும் நதியின் ஓட்டத்தையே சார்ந்திருந்தன.’ ஏறத்தாழ எல்லாச் சொற்களும் மாறிவிட்டன. வாக்கியத்தின் எலும்புக்கூடு அப்படியே நிற்கிறது. அதைவிடப் பெரிய கேடு, பொருளும் கெட்டுவிட்டது. சேமிக்காத நீர்த்தேக்கம் என்று ஒன்று எப்படி இருக்க முடியும்? குறுவையும் சம்பாவும் தஞ்சைப் பகுதியின் பட்டங்கள். நெல்லைச் சீமைக்கு உரியவை காரும் பிசானமும்தான். அணைக்கட்டு, கார், பிசானம் போன்ற துறைச்சொற்களை மாற்றக்கூடாது என்பதையும், அவற்றை அப்படியே எடுத்தாள்வது திருட்டாகாது என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

புரிந்துகொண்டு எழுதுபவர் வேறிடத்திலிருந்து தொடங்குவார்: ‘ஆறு ஓடிக்கொண்டிருந்தால்தான் உழவருக்குக் காரும் பிசானமும் கைகூடின, எட்டு அணைக்கட்டுகளும் ஓடும் நீரைக் கால்வாய்க்குள் திருப்பினவேயன்றிச் சேர்த்துவைக்கவில்லை என்று இந்நூலாசிரியர் காட்டுகிறார்.’ விளைவு முன்னே வந்துவிட்டது, காரணம் பின்னே சென்றுவிட்டது. சொன்னவர் இன்னார் என்பதும் வாக்கியத்துக்குள்ளேயே இருக்கிறது.

இதை வகுப்பிலேயே செய்துபார்க்க வைப்பது நல்லது. வீட்டுக்குக் கொடுத்தனுப்பினால் கைப்பேசியில் மாற்றி எழுதித் தரும் மென்பொருள் அந்த வேலையை முடித்துவிடும். ஆறேழு வரிகளுக்கு மேற்படாத ஒரு பத்தியைக் கொடுங்கள். படித்ததும் தாளைக் கவிழ்த்துவைத்து, அதைப் படிக்காத பக்கத்து மாணவருக்கு வாயால் விளக்கச் சொல்லுங்கள், கேட்பவர் “ஏன்?”, “அப்படியென்றால்?” என்று இடைமறித்துக் கேட்கட்டும். சொல்ல முடியாமல் நிற்கும் இடமே புரியாத இடம். அங்கே மட்டும் மறுபடி படித்தால் போதும். அதன் பின்னரே எழுத வேண்டும். எழுதி முடித்தவுடன் மூலத்தைத் திறந்து, முதலில் பொருள் பிறழவில்லையா என்றும், அடுத்துத் தம்மையறியாமல் மூலத்தின் தொடர்கள் ஒட்டிக்கொண்டு வந்திருக்கின்றனவா என்றும் ஒப்பிடச் செய்யுங்கள். செய்யுள் அடி, சட்ட வாசகம், வரையறை ஆகியவற்றை மேற்கோள் குறிக்குள் உள்ளபடியே தருவதுதான் முறை.

கேள்வி: கால்டுவெல் 1881-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றிலிருந்து சில பகுதிகளை நானே தமிழில் எழுதியிருக்கிறேன். தமிழ் முழுவதும் என்னுடையதுதானே? பக்க எண் குறிக்க வேண்டுமா?
– முதுகலை மாணவி, அம்பாசமுத்திரம்

பதில்: கட்டாயம் குறிக்க வேண்டும். தமிழ் உங்களுடையது, தேடித் தொகுத்த செய்தியும், அதை அடுக்கிய வரிசையும், அதிலிருந்து எட்டிய முடிவும் கால்டுவெல்லுடையவை. வரிக்கு வரி மொழிபெயர்த்திருந்தால் அதனை மொழிபெயர்ப்பு என்றே குறிப்பிட்டு, மேற்கோளாகத் தாருங்கள். சாரத்தை மட்டும் எடுத்திருந்தாலும் நூற்பெயர், ஆண்டு, பக்கம் மூன்றும் வேண்டும். தேர்வாளர் அந்தப் பக்கத்தைத் திறந்து, நீங்கள் அவரைச் சரியாகச் சொல்லியிருக்கிறீர்களா என்று பார்க்க வழி இருக்க வேண்டும் அல்லவா?

கேள்வி: ஆய்வேட்டைச் சோதிக்கும் மென்பொருளின் அறிக்கையில் ஒப்புமை (பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் அளவு) பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் கவலையில்லை என்கிறார்களே?
– ஆய்வு மாணவர், தென்காசி

பதில்: பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, 10-க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதங்களுக்கு மேற்படாத காலத்துக்குள் திருத்தித் தர வேண்டும், 40-க்கு மேல் 60 வரை என்றால் ஓராண்டு சமர்ப்பிக்க முடியாது, 60-ஐத் தாண்டினால் பதிவே ரத்தாகும். ஆனால் அதே விதிமுறைகள், பிறருடைய படைப்பை மட்டுமல்லாமல் பிறருடைய கருத்தைத் தமதாகக் காட்டுவதையும் கருத்துத் திருட்டு என்றே வரையறுக்கின்றன. மென்பொருள் எண்ணுவது ஒத்த சொற்களைத்தான். ஒருவருடைய வாதத்தை முழுவதும் வேறு சொற்களில் எழுதி அவர் பெயரை விட்டுவிட்டால் அறிக்கை சுழியம் காட்டலாம். குற்றம் அப்படியேதான் இருக்கும். அறிக்கை கைக்கு வந்ததும் விழுக்காட்டோடு நின்றுவிடாமல், பிறரிடமிருந்து பெற்ற கருத்து ஒவ்வொன்றின் அருகிலும் அவருடைய பெயர் இருக்கிறதா என்று பக்கம் பக்கமாகப் பாருங்கள்.