மதுரையில் .22 ரைஃபிளை நம் விருப்பத்துக்கு மாற்றியமைக்க முடியுமா?

கேள்வி: நான் மதுரையில் இருக்கிறேன். புதிதாக .22 ரைஃபிள் சுடப் பழகுகிறேன். அமெரிக்க வீடியோக்களில் ருகர் 10/22 என்ற .22 ரைஃபிளை மேசையில் வைத்துப் பிரித்து பேரல் (குழல்), ட்ரிகர் (விசை), தோளில் வைக்கும் கட்டை என்று எல்லாவற்றையும் மாற்றுகிறார்கள். இங்கே அப்படிச் செய்ய முடியுமா? எதில் தொடங்கலாம்?

பதில்:

முடியும். ஆனால் அந்த வீடியோக்களில் காட்டுகிற வரிசையில் முடியாது. அந்த வரிசை நமக்குத் தேவையும் இல்லை என்பது என் கருத்து. பல வருடங்களாக 50 மீட்டர் ப்ரோன், அதாவது படுத்துச் சுடும் பிரிவில் சுட்டு வருகிறேன். கிளப்பில் புதிதாக வருபவர்களுக்கு ரைஃபிளைப் பொருத்திக் கொடுப்பதில் எனக்குத் தனி விருப்பம் உண்டு. நான் பார்த்தவரை புள்ளிகளை நிஜமாகவே கூட்டியவை இரண்டுதான்: கட்டை சுடுபவரின் உடம்புக்குப் பொருந்துவது, அந்த ரைஃபிளுக்கு ஒத்துப்போகும் தோட்டாவைக் கண்டுபிடிப்பது. பேரலும் ட்ரிகரும் அதற்கு அப்புறம்தான்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். ருகர் 10/22 சந்தைக்கு வந்தது 1964-இல். அமெரிக்காவில் வரிசை எண் பொறித்த ரிசீவரை, அதாவது மற்ற பாகங்கள் பொருந்தும் நடு உடலைத்தான் துப்பாக்கி என்று கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள். அதனால் பேரலும் ட்ரிகரும் தபாலில் வீட்டுக்கே வந்துவிடும். இங்கே 1959-ஆம் வருட ஆயுதச் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல்லுக்குள் அதன் பாகங்களும் அடக்கம். பேரலோ, தோட்டாவை உள்ளே தள்ளி மூடும் போல்ட்டோ தனியாக வாங்கி அலமாரியில் வைத்துக்கொள்ள முடியாது. சத்தத்தையோ தீப்பொறியையோ குறைக்கும் துணைக்கருவியும் அந்தச் சட்டப்படி துப்பாக்கிக்குள்ளேயே வருகிறது, ஆகவே அந்தப் பக்கமே போக வேண்டாம். பழுது பார்ப்பது, மாற்றுவது, சோதிப்பது எல்லாவற்றுக்கும் 5-ஆம் பிரிவின்படி உரிமம் வேண்டும். துப்பாக்கி வைத்திருப்பதற்கான உரிமம் மட்டும் இதற்குப் போதாது. உரிமம் இல்லாமல் பேரலைக் குட்டையாக்குவதை 6-ஆம் பிரிவு நேரடியாகவே தடுக்கிறது. கே.புதூரிலும் கப்பலூரிலும் அருமையான லேத் வேலைக்காரர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் போல்ட், பேரல், தோட்டா உட்காரும் சேம்பர், ட்ரிகர் இவற்றை அவர்களிடம் கொண்டுபோகக் கூடாது. உரிமம் உள்ள ஆர்மரரிடம், அதாவது துப்பாக்கி பழுது பார்ப்பவரிடம்தான் கொடுக்க வேண்டும்.

மிச்சம் இருப்பவை நம் கைக்கு உட்பட்டவை, அவை நிறையவே இருக்கின்றன.

கட்டையில் தொடங்குங்கள். கிளப்புகளில் கைமாறி வரும் பழைய ரைஃபிள்கள், என்.சி.சி.யில் பலர் சுட்டுப் பழகியிருக்கும் அந்த .22 போன்றவை, யாரோ ஒரு சராசரி உடம்புக்கு அளவெடுத்துச் செய்தவை. ரைஃபிளைத் தோளில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கன்னத்தை இயல்பாகக் கட்டையில் சாயுங்கள். கண்ணைத் திறக்கும்போது குறிபார்க்கும் பின் சைட்டின் துளைக்கு நடுவில் முன் சைட் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ தலையைத் தூக்கியோ தேட வேண்டியிருந்தால் கட்டை உங்களுக்குப் பொருந்தவில்லை. பெரும்பாலும் கன்னம் வைக்கும் இடம் தாழ்ந்திருக்கும். அதைத் தூக்குவதற்கு நல்ல ஆசாரி ஒருவர் போதும். கன்னத்தின் வடிவத்துக்கு இழைத்த ஒரு மரத்துண்டும், ஏற்றி இறக்க இரண்டு திருகும்தான் வேலை. ரைஃபிளைப் பட்டறையில் விட்டுவிட்டு வராதீர்கள். காகிதத்தில் அளவும் அட்டையில் வடிவமும் வெட்டிக் கொண்டுபோனால் ஆசாரி அதைப் பார்த்தே செய்து தருவார். வீட்டில் பொருத்திப் பார்த்து, உரசும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கட்டையின் நீளம். ட்ரிகரில் விரல் வைக்கும்போது விரலின் நுனிப்பகுதி மட்டும் படிந்து நேர் பின்னால் இழுக்க வர வேண்டும். கை குட்டையானவர்கள் நீளமான கட்டையை வைத்துக்கொண்டு தோளை முன்னே தள்ளிச் சுடுவதைப் பார்த்திருக்கிறேன். இருபது தோட்டா சுடுவதற்குள் தோள் களைத்து, குரூப், அதாவது இலக்கில் குண்டுகள் விழும் கூட்டம், பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போகும். கட்டைக்கும் தோளில் பதியும் பட் பிளேட்டுக்கும் இடையில் தகடு சேர்த்தோ எடுத்தோ இதைச் சரி செய்யலாம். ஏறி இறங்கும் பட் பிளேட், கைக்குத் தடை கொடுக்கும் ஹேண்ட் ஸ்டாப் இவற்றை அலுமினியத்தில் கடைந்து வாங்கலாம். இவை சுடும் இயக்கத்தில் பங்கில்லாத துண்டுகள் என்பதால் லேத் கடைக்காரரின் திறமையை இங்கே பயன்படுத்திக்கொள்ளுங்கள். படுத்துச் சுடும்போது ஒரு அளவு, முட்டி போட்டுச் சுடும்போது வேறு அளவு, நின்று சுடும்போது இன்னொரு அளவு. மூன்று நிலையும் சுடுபவர்கள் ஒவ்வொரு நிலைக்கும் திருகு நிற்கும் இடத்தைக் கோடு போட்டு வைத்துக்கொள்ள வேண்டும். பாரிஸ் 2024-இல் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வாங்கிய பிரிவு இந்த 50 மீட்டர் மூன்று நிலைதான். ஒரே ரைஃபிளை ஒரே போட்டிக்குள் மூன்று உடம்பு நிலைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். அடுத்த முறை அப்படி ஒரு போட்டி ஒளிபரப்பானால் நிலை மாறும் இடைவெளியில் அவர்கள் கை என்ன செய்கிறது என்று கவனியுங்கள்.

பொருத்தம் சரிதானா என்று பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. குறி வைத்துவிட்டுக் கண்ணை மூடுங்கள். இரண்டு மூச்சு விட்டபின் திறங்கள். குறி விலகியிருந்தால் கையால் இழுத்துத் திருத்தாமல் உடம்பை நகர்த்துங்கள். உடம்பை எப்படி நகர்த்தினாலும் குறி திரும்பத் திரும்ப ஒரே பக்கம் போனால் கட்டையில் இன்னும் வேலை பாக்கி.

கட்டையும் இரும்பும் சேரும் இடத்தையும் ஒருமுறை பாருங்கள். தோட்டா உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பேரல் கட்டைக்குள் உட்காரும் விளிம்பில் விரலை வைத்தபடி முன் திருகை மெல்லத் தளர்த்துங்கள். பேரல் எழும்புவது விரலில் தெரிந்தால் அடித்தளம் சமமாக இல்லை என்று பொருள். அதை எபாக்சி போட்டுச் சரிசெய்வது தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. மரக்கட்டை ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் வாங்கி உப்பும், சித்திரை வெயிலில் சுருங்கும். திருகின் இறுக்கமும் அதோடு சேர்ந்து மாறும். திருகை அளவு பார்த்து இறுக்கும் டார்க் ரென்ச் ஒன்று வாங்கி, கையேட்டில் சொன்ன அளவுக்குப் பருவத்துக்கு ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். ரைஃபிளுக்கென்று ஒரே ஒரு கருவி வாங்க முடியும் என்றால் அதைத்தான் வாங்கச் சொல்வேன்.

இப்போது தோட்டா. .22 எல்.ஆர். தோட்டாவின் தீமருந்து விளிம்புக்குள் இருக்கிறது. பெரிய துப்பாக்கித் தோட்டாக்களைப் போல வீட்டில் எடை போட்டு நிரப்பிச் சீர் செய்ய முடியாது, தொழிற்சாலை கொடுத்ததுதான். அதனால் எந்தத் தயாரிப்பு, அதில் எந்த லாட், அதாவது ஒரே தடவையில் தயாரான எந்தத் தொகுதி என்பதே முடிவைத் தீர்மானிக்கிறது. ஒரே நிறுவனத்தின் இரண்டு லாட் ஒரே பேரலில் இரண்டு விதமாகப் போகும். எலி (Eley), எஸ்கே, லாப்புவா, ஆர்.டபிள்யூ.எஸ். என்று கிடைக்கும் தயாரிப்புகளில் கொஞ்சம் கொஞ்சம் வாங்கிச் சோதியுங்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறும்போது முதல் பத்துப் பதினைந்து குண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். குண்டின் மேல் பூசிய மெழுகு பேரலுக்குள் படிய அவ்வளவு ஆகும்.

சோதனையில் ஐந்து தோட்டா சுட்டுவிட்டு முடிவு செய்யாதீர்கள். ஐந்தும் ஒட்டிப் போவது அதிர்ஷ்டத்தாலும் நடக்கும். பத்துப் பத்தாகச் சில குரூப் சுட்டு, எல்லாவற்றையும் சேர்த்துப் பாருங்கள். எவ்வளவு நெருக்கம் தேவை என்றும் கணக்கு இருக்கிறது. 50 மீட்டர் இலக்கில் பத்து வளையத்தின் விட்டம் 10.4 மில்லிமீட்டர், குண்டின் விட்டம் சுமார் 5.6. வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து. ஆக, குண்டுகளின் மையங்கள் 16 மில்லிமீட்டர் வட்டத்துக்குள் விழுந்தால் எல்லாமே பத்துதான். உங்கள் ரைஃபிளும் தோட்டாவும் தாங்கியில் வைத்துச் சுட்டே 30 மில்லிமீட்டர் கொடுக்கிறது என்றால் நீங்கள் எவ்வளவு நன்றாகப் பிடித்தாலும் பத்துகள் சிதறும். 16-க்குள் வருகிறது என்றால் பேரலை மாற்றும் பேச்சே வேண்டாம்.

வேகமான தோட்டா நல்ல தோட்டா என்று நினைப்பவர்கள் உண்டு. ஹை வெலாசிட்டி தோட்டா ஒலியின் வேகத்தைத் தாண்டிக் கிளம்பி, இலக்குக்குப் போகும் வழியிலேயே அதற்குக் கீழே இறங்கும். அந்தக் கடப்பில் குண்டு ஆட்டம் காண வாய்ப்பு உண்டு. அதனால்தான் போட்டித் தோட்டாக்களை விநாடிக்கு 320, 330 மீட்டர் அளவில், ஒலியின் வேகத்துக்குக் கீழேயே வைத்திருக்கிறார்கள். 20 டிகிரியில் ஒலியின் வேகம் விநாடிக்கு 343 மீட்டர். நம் ஊர் 40 டிகிரி வெயிலில் 355-ஐத் தொடும். வெயிலில் நிறுத்திய காருக்குள் தோட்டாப் பெட்டியை விட்டுவிடாதீர்கள். மருந்தும் சூடாகும், மெழுகும் இளகும்.

காசே செலவாகாத மேம்பாடு ஒன்றும் இருக்கிறது: காற்றுக் கொடி. 50 மீட்டர் ரேஞ்சில் 10 மீட்டரிலும் 30 மீட்டரிலும் 5 சென்டிமீட்டர் அகலம், 40 சென்டிமீட்டர் நீளமுள்ள துணிக் கொடிகளை வைக்கச் சொல்கிறது சர்வதேச விதி. பயிற்சிக்குப் பழைய வேட்டித் துணியைக் கிழித்துக் கட்டினாலே போதும். மணிக்கு 16 கிலோமீட்டர் குறுக்குக் காற்று .22 குண்டை 50 மீட்டரில் கிட்டத்தட்ட ஓர் அங்குலம் தள்ளிவிடும். பத்தில் விழ வேண்டியது ஏழில் விழும். ஆடி மாதம் திறந்த ரேஞ்சில் சுடுபவருக்கு இந்தக் கொடியைப் படிக்கத் தெரிவது புது பேரலைவிடப் பெரிய விஷயம்.

சைட்டுக்குச் செலவு செய்யலாம். சின்னத் துளை வழியாகப் பார்க்கும் நல்ல டயாப்டர் பின் சைட் ஒன்று, முன் சைட்டுக்கு அளவு மாற்றும் வளையம் ஒன்று. புதிதாக வருபவர்கள் இலக்கின் கறுப்பு வட்டத்தை ஒட்டினாற்போலச் சின்ன வளையம் போடுகிறார்கள். அது கறுப்பைக் கடிக்கும், கண் சோர்ந்துவிடும். சுற்றிலும் வெள்ளை தாராளமாகத் தெரியும் வளையம் போடுங்கள்.

ட்ரிகரைத் திருகு வைத்துச் சரிசெய்யும்படி செய்திருந்தால் கையேட்டின்படி, ஆர்மரரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சரிசெய்யலாம். அரத்தைக் கையில் எடுக்காதீர்கள். அளவுக்கு மீறித் தேய்த்த ட்ரிகர் போல்ட்டை மூடும்போதே வெடிக்கும், பக்கத்து லேனில் படுத்திருப்பவரின் உயிரும் அதில் இருக்கிறது. பேரல் மாற்றுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. உரிமத்திலும் பதிவிலும் அது தனி வேலை. அந்த நிலைக்கு வருபவருக்கு நல்ல பந்தய ரைஃபிளுக்கு மாறுவதே லாபம்.

பராமரிப்பில் இரண்டு விஷயம். காலியான சேம்பரில் .22 ரைஃபிளின் ட்ரிகரை இழுத்துப் பழகாதீர்கள். விளிம்பில் அடிக்க வேண்டிய ஊசி சில ரைஃபிள்களில் சேம்பரின் ஓரத்திலேயே அடித்துப் பள்ளம் போடும். அதற்கென்று வரும் போலித் தோட்டாவைப் போட்டுப் பழகுங்கள். அப்புறம், கம்பியை முன் வாய் வழியாக விட்டுத் துடைக்காதீர்கள். பேரல் வாயின் விளிம்பு தேய்ந்தால் குரூப் போய்விடும். சேம்பர் பக்கமிருந்து, வழிகாட்டிக் குழாய் வைத்துத் துடைக்க வேண்டும்.

தேர்தல் அறிவித்ததும் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொல்லிக் கடிதம் வரலாம். போட்டிக்காரர்கள் விலக்குக் கேட்டு எழுதிக் கொடுப்பதுண்டு. ஒப்படைக்க வேண்டி வந்தால் பேரலுக்குள்ளும் வெளியிலும் எண்ணெய் பூசி, துணி உறையில் போட்டுக் கொடுங்கள். தோல் உறை வேண்டாம், அதில் ஈரமும் பதனிட்ட உப்பும் இருக்கும். மாதக்கணக்கில் உள்ளே கிடந்தால் துருப் பிடித்துவிடும்.

இன்னும் சொந்த உரிமம் வரவில்லை என்றால் காத்திருக்கும் காலத்தை வீணாக்க வேண்டாம். 4.5 மில்லிமீட்டருக்கும் 20 ஜூல் ஆற்றலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் தேவையில்லை. கட்டைப் பொருத்தம், சைட், பெல்லட் (ஏர் ரைஃபிள் குண்டு) சோதனை என்று மேலே சொன்னவற்றில் பெரும்பாலானதை அதில் வீட்டு மாடியிலேயே கற்கலாம். பின்னால் கனமான சுவர், நடுவில் யாரும் குறுக்கே வர முடியாத 10 மீட்டர், இவ்வளவு இருந்தால் போதும். கடினமான ஸ்பிரிங் போட்டு 20 ஜூலைத் தாண்டவைக்க மட்டும் முயலாதீர்கள், அதோடு அது உரிமம் வேண்டிய ஆயுதமாகிவிடும். மேலூர், அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து வரும் தம்பிகள் இது முயலுக்கு ஆகுமா என்று கேட்பதுண்டு. 1972 வனவிலங்குச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம். எங்கள் ரேஞ்சில் அந்த எண்ணத்தோடு வருபவரை நாங்கள் சேர்ப்பதில்லை.

உங்கள் உயரம், இப்போது சுடும் ரைஃபிள் எது, படுத்துச் சுடுகிறீர்களா நின்று சுடுகிறீர்களா என்று கருத்தில் எழுதுங்கள். கன்னக்கட்டைக்கு அட்டை வடிவம் எப்படி வெட்டுவது என்று அதற்கு ஏற்றபடி சொல்கிறேன்.