தனக்குத் தானே சொந்தமான மரம்

கேள்வி: அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் ஊரில் என் மகன் படிக்கிறான். ஒரு மாதம் அவனோடு தங்கப் போகிறோம். "பார்க்க ஒன்றும் கிடையாது அம்மா, கல்லூரியும் மரமும்தான்" என்கிறான். பேசாமல் நயாகராவுக்கு டிக்கெட் எடுத்துவிடலாமா? (ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: மரத்தை இவ்வளவு அலட்சியமாகச் சொன்ன உங்கள் மகனின் கையைப் பிடித்து, ஃபின்லி தெருவும் டியரிங் தெருவும் சந்திக்கும் மூலைக்கு முதலில் அழைத்துப் போங்கள். அங்கே ஒரு வெள்ளை ஓக் மரம் நிற்கிறது. அதன் சொந்தக்காரர் அந்த மரமேதான். வில்லியம் ஜாக்சன் என்பவர், அதன்மேல் வைத்த பிரியத்தால், மரத்தையும் அதைச் சுற்றி எட்டடி நிலத்தையும் அந்த மரத்துக்கே எழுதிக் கொடுத்தார் என்று அடியில் உள்ள கல் சொல்கிறது. மரம் சொத்து வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடமில்லை. ஊர்க்காரர்கள் வழக்குக்குப் போகவில்லை, ஒப்புக்கொண்டுவிட்டார்கள். பழைய மரம் 1942இல் விழுந்தது. அதன் விதையில் முளைத்த கன்றை, தோட்டக் கழகப் பெண்கள் 1946இல் அதே இடத்தில் நட்டார்கள். இன்று நிற்பது அந்த வாரிசுதான்.

நம் சாலையோரப் புளியமரங்களுக்கும் எண் எழுதுகிறோம், காய்ப்பை ஏலம் விடுகிறோம். இத்தனை கணக்கு வைத்திருப்பவர்கள், சாலையை அகலப்படுத்த வந்தால் தாத்தா காலத்து மரத்தை ஒரே பகலில் சாய்த்துவிடுகிறார்கள். ஒன்றுக்குப் பத்தாக நடுகிறோம் என்கிறார்கள். நட்ட பத்துக்கும் யார் தண்ணீர் ஊற்றினார்கள் என்று இந்தப் பக்கத்தில் பலமுறை கேட்டுவிட்டேன். பதில் வரும்வரை கேட்பேன்.

அடுத்தது கல்லூரி. 1785இல் சாசனம் பெற்ற பல்கலைக்கழகம் அது. வாசலில் மூன்று இரும்புத் தூண்களோடு ஒரு வளைவு இருக்கிறது. பட்டம் வாங்கும்வரை மாணவர்கள் அதன் அடியில் நடப்பதில்லை. உங்கள் மகன் சுற்றித்தான் போவார். நீங்கள் தாராளமாக நுழையலாம். நுழைந்ததும், பக்கத்திலேயே ஹோம்ஸ்–ஹன்ட்டர் கட்டடம். 1961 ஜனவரியில் ஷார்லெய்ன் ஹன்ட்டர், ஹாமில்டன் ஹோம்ஸ் என்ற இரண்டு கறுப்பின மாணவர்கள், நீதிமன்ற உத்தரவோடு வந்து இங்கே பெயர் பதிவு செய்தார்கள். அதுவரை அந்தப் பல்கலைக்கழகம் கறுப்பினத்தவர் எவரையும் சேர்த்ததில்லை. இரண்டு நாள் கழித்து, இரவில் ஹன்ட்டரின் விடுதியை ஒரு கும்பல் சூழ்ந்துகொண்டு கல்லெறிந்தது. ஜன்னல் கண்ணாடி நொறுங்கியது. நிர்வாகம் யாரை வெளியே அனுப்பியது தெரியுமா? இந்த இருவரைத்தான், பாதுகாப்புக்காக என்று சொல்லி! நீதிமன்றம் மறுபடியும் உள்ளே அனுப்பியது. 1963இல் இருவரும் பட்டம் பெற்றார்கள். ஹன்ட்டர் பெயர்பெற்ற பத்திரிகையாளர் ஆனார். ஹோம்ஸ் எலும்பு மருத்துவர் ஆனார். படியேறுவதற்கு முன் அந்தப் பெயர்ப்பலகையை நின்று படியுங்கள்.

கலை அருங்காட்சியகமும், 300 ஏக்கருக்கு மேல் விரிந்த தாவரவியல் பூங்காவும் அனுமதி இலவசம். பூங்காவுக்கு மட்டும் ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் உள்ள சனிக்கிழமைகளில் கடைத்தெருப் பக்கம் போகாதீர்கள், நிற்க இடம் இருக்காது.

நயாகரா நாட்டின் வடகோடியில் இருக்கிறது. அதற்கென்று தனிப் பயணம் வையுங்கள். இப்போது டிக்கெட் எடுப்பதென்றால் அட்லாண்டாவுக்கு எடுங்கள். காரில் ஒன்றரை மணி நேரம்தான். மார்ட்டின் லூதர் கிங்கும் அவர் மனைவி கொரெட்டாவும் அடக்கமாகியிருக்கும் இடம் அங்கேதான் இருக்கிறது. மகனையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள்.