மலாக்காவில் ஒரு பகல்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஒரு சனிக்கிழமை காலையில் கோலாலம்பூரிலிருந்து புறப்பட்டு, இரவுக்குள் திரும்பும்படி மலாக்கா சென்றுவர விரும்புகிறோம். முழங்கால் வலியுள்ள 72 வயது மாமியாரும் பள்ளி செல்லும் இரண்டு பிள்ளைகளும் உடன் வருகிறார்கள். ரயிலில் போகலாமா? எவற்றைப் பார்ப்பது, எவற்றை விடுவது?
– வாசகி, செந்தூல்

பதில்: ரயில் உங்களுக்கு உதவாது. மலாக்கா நகரத்துக்குள் ரயில் போவதில்லை. புலாவ் செபாங் நிலையத்தில் இறங்கினால், அங்கிருந்து இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல் சாலை வழியே போக வேண்டும். பண்டார் தாசேக் செலாத்தான் முனையத்திலிருந்து மலாக்கா சென்ட்ரலுக்குப் பேருந்துகள் இருந்தாலும், அந்த நிலையமும் பழைய நகரத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளியே இருக்கிறது. மாமியாரை எண்ணிச் சொந்தக் காரிலேயே செல்லுங்கள். ஏறத்தாழ 145 கிலோமீட்டர்தான் என்றாலும், வார இறுதியில் ஆயர் குரோ சுங்கச்சாவடியை நெருங்க நெருங்க நெரிசல் கூடும் என்பதால், பசியாறுவதைக்கூட வழியில் வைத்துக்கொண்டு ஆறரை மணிக்கே கிளம்பிவிடுவது நல்லது.

பெரும்பாலான குடும்பங்கள் சிவப்புக் கட்டடச் சதுக்கத்தில் படம் எடுத்து, குன்றேறி இறங்கி, உச்சி வெயிலில் களைத்துப்போய்ப் பழைய தெருக்களுக்கு வருகின்றன. அதற்குள் கோயில் நடை சாத்தியிருக்கும். நீங்கள் இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். ஒன்பது மணியளவில், 'பொற்கொல்லர் தெரு' என்று பொருள்படும் ஜாலான் துக்காங் ஏமாசில் இறங்கினால், டச்சுக்காரர் ஆட்சியில் வழங்கப்பட்ட நிலத்தில் 1781இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் கோயிலில் வெயில் ஏறுமுன் வழிபடலாம். சில அடி தொலைவிலேயே 1748இல் தோன்றிய கம்போங் கிளிங் பள்ளிவாசல் இருக்கிறது. கூம்பிய குவிமாடம் அதற்குக் கிடையாது. சுமத்ராப் பாணியில் அடுக்கடுக்கான கூரையும், சீனப் பகோடாவை ஒத்த மினாராவும்தான் உண்டு. தொழுகை நேரம் தவிர்த்து, தோளும் காலும் மறையும் உடையில் சென்று பார்க்கலாம். அதே தெருவின் தொடர்ச்சியில், பதினேழாம் நூற்றாண்டில் நிறுவப்பட்ட செங் ஹூன் தெங் சீனக் கோயில் வந்துவிடும். மூன்றும் நடை தூரத்தில் இருப்பதால் மாமியாருக்கும் சிரமமில்லை.

'கிளிங்' என்ற சொல் இன்று நம்மைப் புண்படுத்தும் வசையாகிவிட்டதால், பிள்ளைகள் அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்துக் கேள்வி கேட்கக்கூடும். தென்னிந்திய வணிகரைக் குறிக்க மலாய்மொழியில் வழங்கிய பழஞ்சொல் அது என்பதையும், கலிங்கம் என்ற பெயரிலிருந்து வந்ததாகக் கருதப்படுவதையும் தயங்காமல் சொல்லுங்கள். பருவக்காற்று திசை மாறும்வரை வணிகர்கள் மாதக்கணக்கில் காத்திருந்த துறைமுகம் இது. அவரவர் அவரவர்க்கான வழிபாட்டிடத்தோடு இங்கே தங்கியதற்கு அதுவே முதற்காரணம். சுல்தான்கள் காலத்தில் வணிகக் கூட்டங்களைக் கவனிக்க ஷாபந்தர்கள் எனப்பட்ட துறைமுக அதிகாரிகள் நால்வர் இருந்தனர். நகரில் 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துகீசியரான தோமே பிரஸ் எழுதியிருக்கிறார்.

சோற்றுருண்டையுடன் கோழி விற்கும் கடைகளின் நீண்ட வரிசையில் நிற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து; புரட்டாசிச் சனியென்றால் அந்தக் கவலையும் இராது. குலா மலாக்கா என்ற பனைவெல்லப் பாகு ஊற்றிய செண்டோல் என்ற குளிர்பண்டத்தைமட்டும் விட்டுவிடாதீர்கள். பிறகு முக்கால் மணி நேர ஆற்றுப் படகுப் பயணம் மாமியாருக்கு ஓய்வாக இருக்கும். செயின்ட் பால் குன்றுக்குப் பிள்ளைகளை ஒருவர் அழைத்துச் செல்லட்டும். மாமியார் அடிவாரத்துக் கோட்டை வாயிலருகே அமர்ந்திருக்கலாம். 1511இல் மலாக்காவைப் பிடித்த போர்த்துகீசியர் எழுப்பி, 1807இல் ஆங்கிலேயர் தகர்த்த கோட்டையில் எஞ்சியது அந்த ஒரு வாயில்தான். அதன் எதிரே வணிக வளாகம் நிற்கும் நிலம் கடலைத் தூர்த்து உண்டாக்கப்பட்டது.

நான்கு மணிக்குக் காஜா பெராங்கில் மலாக்கா செட்டிகள் வாழும் கம்போங் சிட்டிக்குச் செல்லுங்கள் (அவர்களைப் பற்றி அடுத்த பதிலில்). ஜோங்கர் தெரு இரவுச் சந்தையை இம்முறை விட்டுவிடலாம். அந்தக் கூட்டத்தில் மாமியாரை நடத்திச் செல்வது இயலாத காரியம்.

கேள்வி: மலாக்கா செட்டிகளும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களும் ஒருவரா?
– வாசகர், கிள்ளான்

பதில்: இல்லை. முன்னவர்கள் சுல்தான்கள் காலத்தில் வந்து உள்ளூர்ப் பெண்களை மணந்த தமிழ் வணிகர்களின் வழித்தோன்றல்கள். தோட்டத் தமிழர்களுக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தவர்கள். வீட்டில் மலாய் பேசி, கெபாயா உடுத்தி, ஆயினும் சைவ நெறி மாறாமல், பொங்கலுக்கு முதல்நாள் 'பார்ச்சு' என்ற பெயரில் முன்னோர்க்கு வாழையிலையில் படையலிடுகிறார்கள். நகரத்தார் எனப்படும் நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வட்டித்தொழிலுக்காகப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தவர்கள். குழப்பத்துக்குக் காரணமும் உண்டு: மேலே சொன்ன விநாயகர் கோயில் செட்டிகளுக்கு உரியது, நிர்வகிப்பவர்களோ நகரத்தார்.

கேள்வி: ஆற்றங்கரையில் நிற்கும் போர்த்துகீசியக் கப்பல் உண்மையானதா?
– மாணவர், பத்துகேவ்ஸ்

பதில்: அது கடல்சார் அருங்காட்சியகமாகக் கட்டப்பட்ட மாதிரி. உண்மையான 'ஃப்ளோர் டி லா மார்', மலாக்காவில் கொள்ளையடித்த பொருள்களோடு 1511ஆம் ஆண்டிலேயே சுமத்ராக் கடலில் மூழ்கிவிட்டது.