செயற்கைக்காலுக்குத் தொடு உணர்வு: வாசகர் கேள்விகள்

கே: எனக்கு முழங்காலுக்கு மேல் கால் எடுத்திருக்கிறார்கள். பாதம் பதிந்ததா என்று குனிந்து பார்த்தே நடக்கிறேன். பாதம் பதிவதை ஷூவுக்குள் இருக்கும் சென்சார் அறிந்து, உடலில் கட்டிய சிறு மோட்டாரை அதிர வைக்குமாமே, அந்த அதிர்வுப் பட்டை கட்டலாமா?

ப: கட்டலாம். ஆனால் மோட்டாரைச் சாக்கெட்டுக்குள், அதாவது செயற்கைக்காலின் மேல்முனைக் கிண்ணத்துக்குள் வைக்காதீர்கள். அது ஸ்டம்பில் (எடுத்தது போக மிஞ்சிய காலில்) அழுத்திப் புண்ணாக்கும். காற்றை வெளியேற்றிப் பிடித்துக்கொள்ளும் உறிஞ்சு வகைச் சாக்கெட் என்றால் ஒயர் போகும் வழியில் காற்றுப் புகுந்து பிடிப்பும் விட்டுவிடும். சாக்கெட் விளிம்புக்கு மேலே, இடுப்பில் எலாஸ்டிக் பட்டை போதும். நாணயம் போல் தட்டையான 10 மி.மீ. அதிர்வு மோட்டார் இரண்டு: குதிகாலைக் குறிக்க இடுப்பின் பின்பக்கம் ஒன்று, முன்பாதத்தைக் குறிக்க முன்பக்கம் ஒன்று. ஆறு, எட்டு என்று கூட்டுவது வீண். சாலையைக் கடக்கும்போது அத்தனையையும் யார் பிரித்துணர்வது?

கே: கொஞ்ச நேரத்தில் அதிர்வே தெரியாமல் போகிறது. வேகத்தைக் கூட்டவா?

ப: வேண்டாம், தோல் அதற்கும் பழகிவிடும். பாதம் தரையில் இருக்கும் நேரமெல்லாம் மோட்டாரை ஓட விடுவதுதான் தவறு. குதிகால் பதியும்போதும் முன்பாதம் எழும்போதும் மட்டும் 0.1 வினாடி அதிரட்டும். இவ்வகை மோட்டார் வேகமெடுக்கவே நேரம் பிடிக்கும். தொடக்கத்தில் முழு மின்னழுத்தம் கொடுத்துக் கிளப்புங்கள். அதிர்வின் பலத்தைவிட நேரம்தான் முக்கியம். தாமதமாக வரும் அதிர்வை மனம் பாதத்தோடு சேர்ப்பதில்லை. சென்சாரைப் படித்து மோட்டாரை இயக்கும் சிறு சில்லான மைக்ரோகன்ட்ரோலரிலிருந்து மோட்டாரை நேரடியாக ஓட்டாதீர்கள். நடுவில் டிரான்சிஸ்டர், மோட்டாருக்குக் குறுக்கே டயோடு அவசியம்.

கே: காலைத் தூக்கியிருக்கும்போதும் அதிர்கிறது.

ப: ஷூவுக்குள் இன்சோல் (உள் அடித்தட்டு) வளைவதையே அழுத்த சென்சார் எடையாக எண்ணிக்கொள்கிறது. விரல் மடங்கும் கோட்டைத் தவிர்த்து, குதிகால் நடுவிலும் பெருவிரல் அடிமேட்டிலும் ஒட்டுங்கள். சென்சாரின் மேல் அதைவிடச் சற்றே சிறிய, கெட்டியான பிளாஸ்டிக் வில்லை வையுங்கள். லேஸ் கட்டியபின் காலைத் தூக்கிப் பிடித்து, அந்த அளவைப் பூஜ்யமாக்குங்கள். தினமும் செய்ய வேண்டும், இந்த சென்சார்களின் அளவு நகர்ந்துகொண்டே இருக்கும். பாதம் பதிந்தது என்று கொள்ளும் அளவும் எழுந்தது என்று கொள்ளும் அளவும் வேறுவேறாக இருக்கட்டும், இல்லாவிட்டால் அந்த அளவை ஒட்டி மோட்டார் விட்டுவிட்டுத் துடிக்கும்.

கே: செயற்கைக்காலை நரம்பிலேயே இணைக்கிறார்களாமே?

ப: ஆம். சுவிட்சர்லாந்தின் சூரிச் ஈ.டி.ஹெச். பல்கலைக்கழகக் குழுவினர் செர்பியாவில் தொடையில் கால் எடுத்தவர்களின் நரம்புக்குள் மின்முனைகளைப் பொருத்தினர். 2019-இல் முடிவுகள் வந்தன. உணர்வு இழந்த பாதத்திலேயே தெரிந்தது, நடை வேகமானது, இல்லாத காலில் வரும் வலியும் குறைந்தது. ஆனால் பொருத்தப்பட்டவர்கள் வெகு சிலரே. சில மாத ஆய்வு, முடிந்ததும் அகற்றிவிட்டார்கள். அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

கே: சர்க்கரை நோயால் கால் போனவர்களுக்கும் பட்டை உதவுமா?

ப: சர்க்கரை நோய் தோலின் உணர்வையும் குறைத்திருக்கலாம். அதனால் முதலில் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, மோட்டாரை இடுப்பிலும் தொடையிலும் வெவ்வேறு இடங்களில் வைத்துப் பாருங்கள். எங்கே அதிர்கிறது என்று அவர் சரியாகச் சொல்லும் இடத்தில் மட்டும் கட்டுங்கள். கழற்றியதும் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் கண்ணாடியில் பார்க்க வேண்டும்.