செடி வாடினால் என்ன வாங்கலாம்? வாசகர் கேள்வி-பதில்

நர்சரியில் வாங்கிய மணி பிளான்ட் ஹாலில் இருக்கிறது. கீழ் இலைகள் ஒவ்வொன்றாக மஞ்சளாகி விழுகின்றன. சத்துக்குறைவு என்று கடைக்காரர் ஒரு டானிக் பாட்டில் கொடுத்தார். அதை ஊற்றிய பிறகு இன்னும் மோசம். அடுத்து என்ன வாங்குவது? (வாசகி, தாம்பரம்)

எதுவும் வாங்க வேண்டாம். தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, விரலை மண்ணுக்குள் இரண்டு அங்குலம் விட்டுப் பாருங்கள். சில நாள் தண்ணீர் விடாமலும் உள்ளே ஈரமாக இருந்தால், சிக்கல் சத்தில் இல்லை, தண்ணீரில். தண்ணீர் போதாமல் வாடும் செடியும் வேர் அழுகி வாடும் செடியும் மேலே பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது, அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி தொங்கிப்போகும். நாமோ அதைப் பார்த்து இன்னொரு சொம்பு ஊற்றுவோம்.

தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்ணோடு உருவிப் பாருங்கள். நல்ல வேர் வெளுப்பாக, விறைப்பாக இருக்கும். அழுகிய வேர் கறுத்துக் கொழகொழவென்று இருக்கும், தொட்டால் தோல் உரிந்து வரும், சாக்கடை வாடையும் அடிக்கும். அந்த வேர்களைச் சுத்தமான கத்தரியால் வெட்டிவிட்டுப் புதுக் கலவையில் நடுங்கள். வேர் மொத்தமும் போயிருந்தாலும் மணி பிளான்ட் ஆச்சே, கவலையில்லை: கணுவோடு ஒரு துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டால் புது வேர் விட்டுவிடும்.

இதில் நர்சரிக்காரரை மட்டும் குறை சொல்ல முடியாது. தூக்க லேசாக இருக்கும் என்பதால் பெரும்பாலும் கோகோபீட் எனும் தேங்காய் நார்த்தூளிலேயே வளர்க்கிறார்கள். நிழல்வலைக்கு அடியில், காற்றோட்டத்தில், தினமும் ஊற்றினாலும் அது காய்ந்துவிடும். உங்கள் ஹாலில் அதே கோகோபீட் மேலே காய்ந்தும் அடியில் சொதசொதவென்றும் நாள்கணக்கில் கிடக்கும். வீட்டுக்குள் வைக்கும் தொட்டியில் கோகோபீட் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். மீதிக்குச் செம்மண்ணும் பெருமணலும், கொஞ்சம் மண்புழு உரமும் போதும். அழகுக்கு வாங்கும் பீங்கான் தொட்டிகள் பலவற்றில் அடியில் ஓட்டையே இருப்பதில்லை. அதில் நேராக நடாமல், ஓட்டை உள்ள பிளாஸ்டிக் தொட்டியை உள்ளே இறக்கி வையுங்கள்.

டானிக் பாட்டிலைத் தூக்கி எறிய வேண்டாம். வேர் நொந்த செடிக்கு உரம் போட்டால் உப்புதான் கூடும், உங்களுக்கு நடந்தது அதுவாக இருக்கலாம். புதுத் துளிர் வந்தபின் லேபிளில் சொன்ன அளவில் பாதி கொடுங்கள். அப்புறம், ஈரம் பார்க்கும் மீட்டர் என்று குத்தூசி மாதிரி ஒன்று விற்கிறார்களே, அதையும் விட்டுவிடுங்கள். விலை குறைந்தவை பெரும்பாலும் மண்ணில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்பதை வைத்துத்தான் கணிக்கின்றன. மண்ணில் உப்பு கூடினால் முள் ஏறிவிடும். விரலுக்குச் செலவில்லை.

மாடிச் செம்பருத்தியில் மொட்டெல்லாம் வெள்ளைப் பஞ்சு. வேப்பெண்ணெய் தெளித்தும் போகவில்லை. கடையில் வேப்பெண்ணெயிலேயே பல விலை சொல்கிறார்கள். எதை வாங்குவது? (வாசகர், மதுரை)

அது மாவுப்பூச்சி. அந்தப் பஞ்சு மெழுகுப் பூச்சு, அதன்மேல் தெளிக்கும் எதுவும் வழுக்கி ஓடிவிடும். மருந்துக்கு முன்னால் கைவேலை வேண்டும். மோசமான நுனிகளை வெட்டிப் பிளாஸ்டிக் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள், பக்கத்துத் தொட்டியில் போட்டுவிடாதீர்கள். மற்ற இடங்களில் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துத் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். தண்டில் எறும்பு ஊர்ந்தால் அதையும் தடுக்க வேண்டும். பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்துக்காக எறும்பு அதைக் காவல் காக்கிறது, அதைத் தின்ன வரும் பொறிவண்டை விரட்டுகிறது.

அதன் பிறகு மருந்து: ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி சாதாரண வேப்பெண்ணெய், அதோடு சில சொட்டு சோப்புத் திரவம். சோப்பு இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும், நீங்கள் வெறும் தண்ணீரைத்தான் தெளித்திருப்பீர்கள். வெயில் தாழ்ந்தபின் இலையின் அடிப்பக்கம் நனையும்படி, வாரம் ஒரு முறையாக மூன்று நான்கு வாரம் தெளியுங்கள். நடுப்பகலில் தெளித்தால் இலை கருகும். கலந்ததை அன்றே தீர்த்துவிடுங்கள்.

விலை வித்தியாசத்துக்குக் காரணம், ஒரே பெயரில் இரண்டு பொருள்கள் விற்பதுதான். ஒன்று, செக்கில் ஆட்டிய சாதாரண எண்ணெய். இன்னொன்று, அசாடிராக்டின் (வேம்பில் பூச்சியைக் கட்டுப்படுத்தும் பொருள்) அளவைக் குறிப்பிட்டு விற்கும் பூச்சிமருந்து: 300, 1500, 10000 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் இத்தனை பங்கு) என்று இருக்கும். மில்லி கணக்கில் இவற்றின் விலையை ஒப்பிடுவதில் பொருளே இல்லை, பி.பி.எம். கூடக் கூட ஊற்றும் அளவு குறையும். பூச்சிமருந்து என்று விற்றால் 1968-ம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி பதிவு எண், தயாரித்த தேதி, காலாவதித் தேதி, நச்சளவைக் காட்டும் வண்ணச் சின்னம் எல்லாம் லேபிளில் வேண்டும். ‘நூறு சதவீதம் ஆர்கானிக், எல்லாப் பூச்சிக்கும்’ என்று மட்டும் போட்டிருக்கும் பாட்டிலை அங்கேயே வைத்துவிடுங்கள். நாள்பட்டால் அசாடிராக்டின் வீரியம் இழக்கும் என்பதால், தள்ளுபடியில் கிடைத்தாலும் பழைய சரக்கு வேண்டாம். வயலுக்கு அடிக்கும் மருந்தைத் தண்ணீர் பாட்டிலில் கொஞ்சமாக ஊற்றிக் கொடுக்கும் கடைகளும் உண்டு. குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கு அதைவிட ஆபத்தான பொருள் வேறில்லை.

அடுக்குமாடி வீடு. அரேகா பாம் இலை நுனியெல்லாம் பழுப்பாகக் கருகுகிறது. தண்ணீர் வீணாகக் கூடாதென்று ஆர்.ஓ. கழிவுநீரைத்தான் ஊற்றுகிறேன். (வாசகி, சென்னை)

நல்ல எண்ணம், ஆனால் செடிக்கு ஆகாது. ஆர்.ஓ. இயந்திரம் பிரித்தெடுக்கும் உப்பெல்லாம் அந்தக் கழிவுநீரில்தான் சேருகிறது. அதை வைத்துத் தரை துடையுங்கள், கழிவறைக்கு ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீருக்கு மாறினாலும் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: உங்கள் குடியிருப்பில் சாஃப்டனர் (கடின நீரை மென்னீராக்கும் கருவி) உண்டா? அது கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைச் சேர்க்கும். பாத்ரூம் டைல்ஸில் உப்புக்கறை குறையும், செடி கருகும். சாஃப்டனருக்கு முன்னால் வரும் தண்ணீரோ மழைநீரோ ஏ.சி.யில் சொட்டும் தண்ணீரோ பரவாயில்லை.

இப்போதைக்கு நல்ல தண்ணீரைத் தொட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மூன்று மடங்கு ஊற்றி, அடியில் முழுவதும் வடியவிட்டு உப்பைக் கழுவுங்கள். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, வெட்டிவிடலாம்.

கறிவேப்பிலைத் துளிர் வெளிர் மஞ்சளாக வருகிறது, நரம்பு மட்டும் பச்சை. எப்சம் சால்ட் போடச் சொல்கிறார்கள். (வாசகர், சேலம்)

எப்சம் சால்ட்டில் இருப்பது மெக்னீசியம். அது குறைந்தால் முதலில் முதிர்ந்த இலைதான் மஞ்சளாகும். துளிர் மஞ்சளானால் இரும்பைத்தான் சந்தேகிக்க வேண்டும். மண்ணில் இரும்பு இருந்தாலும், காரத்தன்மையுள்ள உப்புத் தண்ணீரால் வேருக்கு அது எட்டாமல் போகலாம். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் எனும் இரும்பு உப்பு) கேளுங்கள், விலை அற்பம். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, சிறிது எலுமிச்சைச் சாறு சேர்த்து மாலையில் இலையில் தெளியுங்கள். சில நாள் பறிக்காமல் விட்டு, பிறகு நன்றாகக் கழுவிப் பயன்படுத்துங்கள்.

ஆன்லைனில் வாங்கிய செடி அழுகி வந்தது. ‘உயிருள்ள பொருள், திரும்பப் பெற மாட்டோம்’ என்கிறார்கள். (வாசகர், கோவை)

அப்படி எழுதி வைத்தால் மட்டும் தப்பித்துவிட முடியாது. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளையோ திரும்பப் பெறவும் பணம் தரவும் விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகள் சொல்கின்றன. உங்களுக்கு வேண்டியது சாட்சி. பெட்டியைப் பிரிக்கும்போதே முகவரிச் சீட்டு தெரியும்படி வீடியோ எடுத்து, அன்றே எழுத்தில் புகார் அனுப்புங்கள். குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும். நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. ஆனால் நன்றாக வந்த செடி உங்கள் வீட்டில் ஒரு மாதம் கழித்து வாடினால், இதெல்லாம் எடுபடாது.

‘ஆக்ஸிஜன் செடி’ என்று கூடுதல் விலை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, திருச்சி)

வேண்டாம். இந்தப் பேச்சுக்கு மூலம், செடிகள் காற்றிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் என்று 1989-ல் வெளிவந்த நாசா ஆய்வு. அது காற்றுப்புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. வீட்டில் சன்னலும் கதவும் காற்றை மாற்றும் வேகத்துக்கு ஈடு கட்ட ஒரு சதுர மீட்டருக்குப் பத்து முதல் ஆயிரம் செடி வரை வேண்டும் என்று 2019-ல் ஒரு மறுஆய்வு கணக்குப் போட்டது. ஆகவே உங்கள் சன்னலில் வரும் வெளிச்சத்தைப் பார்த்துச் செடியைத் தேர்ந்தெடுங்கள். தவழும் குழந்தை இருந்தால் டைஃபன்பேக்கியாவைத் தவிர்த்துவிடுங்கள், அதன் இலையைக் கடித்தால் வாய் எரிந்து வீங்கும்.